கேஸ் கீசருக்குப் பதில் ஹீட் பம்ப்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

கோத்தகிரி பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய மகள், வீட்டிலிருந்த கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் பொருத்தியிருக்கிறாராம். இங்கே வாசகரின் வீட்டில் ஆறு பேர், கொட்டகையில் ஐந்து கறவை மாடுகள். குளிக்கவும் பால் கேன்களைக் கழுவவும் நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் வெந்நீர் வேண்டும். கேஸ் கீசருக்கு மாதம் ஒன்றரை வணிக சிலிண்டர் செலவாகிறது. 'மகளைப் போல நாங்களும் மாறலாமா?' என்பதே கேள்வி.

முதலில் ஒரு எச்சரிக்கை. கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருப்பதாக அவர் எழுதியிருக்கிறார். மலையில் குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்துவிட்டுக் குளிப்பது வழக்கம். காற்றோட்டமில்லாத அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. மயக்கம் வருவதற்குள் கதவைத் திறக்க நேரம் இருக்காது. இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஹீட் பம்ப் வாங்குகிறாரோ இல்லையோ, கீசரை இந்த வாரமே வெளிச்சுவருக்கு மாற்றிவிட வேண்டும்.

இனி ஹீட் பம்ப். கூட்டுறவுச் சங்கத்தில் பால் குளிரூட்டும் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கறந்த சூட்டோடு வரும் பாலை 4 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது, அதன் பின்பக்கம் அனல் அடிக்கும். பாலிலிருந்த சூட்டைத்தான் அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையை வெளிக்காற்றோடு செய்கிறது. காற்றிலிருக்கும் சூட்டை கம்ப்ரசர் மூலம் இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. மின்சாரம் சூட்டை இடம் மாற்றத்தான் செலவாகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவு லாபம்.

மகள் வீட்டுக் கணக்கு வேறு. அங்கே அந்த இயந்திரம் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவதோடு, குளிர்காலம் முழுவதும் வீட்டையே சூடாக வைத்திருக்க வேண்டும். கேஸ் பாய்லர் 60, 70 டிகிரியில் தண்ணீரை அறைகளுக்கு அனுப்பும். ஹீட் பம்ப் 45 டிகிரி போலத்தான் சிக்கனமாக அனுப்பும். ஆகவே சுவரோர ரேடியேட்டர்களைப் பெரிதாக்கி, சூடு வெளியேறாதபடி வீட்டையும் அடைக்க வேண்டியிருக்கும். குழாய் வழியே வரும் கேஸைவிட அங்கே மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் நான்கு மடங்கு விலை. ஆக, மூன்று மடங்கு வெப்பம் கிடைத்தாலும் மாதச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு மானியம் கொடுப்பதால்தான் பலர் மாறுகிறார்கள்.

இங்கே நமக்கு அந்த மானியம் இல்லை. ஆனால் கேஸ் சிலிண்டரில் வருகிறது, காற்றும் அவ்வளவு குளிர்வதில்லை. 20 டிகிரியில் இருக்கும் 200 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 9.3 யூனிட் வெப்பம் தேவை. கீசரில் வீணாவதையும் சேர்த்தால் இதற்குச் சுமார் 0.9 கிலோ கேஸ் எரியும். வாசகர் சொல்லும் மாதம் ஒன்றரை சிலிண்டர் இதோடு ஒத்துப்போகிறது. மலைக்குளிரை மனதில் வைத்து இரண்டரை மடங்கு என்றே கொண்டால், ஹீட் பம்புக்கு நாளொன்றுக்கு 3.7 யூனிட் மின்சாரம் ஆகும்.

19 கிலோ சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு 2,700 ரூபாய். மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றாலும் மாதம் 111 யூனிட்டுக்கு 900 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மிச்சம் 1,800 ரூபாய். இயந்திரம், தொட்டி, குழாய் வேலை எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் ஆனால், நாலரை முதல் ஐந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பும். விலைகள் மாறும்போது அவரவர் ரசீதைப் பார்த்துக் கணக்கிட ஒரு வழி உண்டு: ஒரு கிலோ கேஸ் விலை, ஒரு யூனிட் மின்சார விலையைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் மாதச் செலவில் ஹீட் பம்ப்தான் ஜெயிக்கும்.

மாடு இல்லாமல், குளியலுக்கு மட்டும் ஐம்பது அறுபது லிட்டர் காய்ச்சும் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் சாதாரண மின்சார கீசரோடு நிறுத்திக்கொள்ளலாம். சமவெளியில் ஐந்து மாடு வைத்திருப்பவர் முதலில் சாண எரிவாயுவைப் பார்க்க வேண்டும். மாட்டுக்குப் பத்து கிலோ சாணம் என்றாலே இரண்டு கன மீட்டர் வாயு கிடைக்கும். அது கிட்டத்தட்ட இதே 0.9 கிலோ கேஸுக்குச் சமம். கோத்தகிரியில் மார்கழி, தை மாதங்களில் குளிரால் வாயு உற்பத்தி படுத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

மின்சாரத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வீட்டு இணைப்பில் போட்டால் இரண்டு மாதத்துக்கு 220 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறும். பண்ணை உபயோகத்துக்கு எந்த இணைப்பு என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. 'இலவச மின்சாரம்தான் இருக்கிறதே' என்று பம்புசெட் இணைப்பிலிருந்து வயர் இழுப்பது கூடவே கூடாது. அது பாசனத்துக்கு மட்டும் தரப்பட்டது.

வாங்கினால் டைமர் வைத்து, காலை 11 மணியிலிருந்து 3 மணி வரை ஓட்ட வேண்டும். விடியற்காலையில் உறைபனியோடு மல்லுக்கட்டுவதைவிட, உச்சி வெயிலில் ஓடினால் மின்சாரம் நன்றாகக் குறையும். தொட்டி நல்ல காப்புறையோடு இருந்தால் மறுநாள் அதிகாலைக் கறவை வரை சூடு தாங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி வளராமலிருக்க, வாரம் ஒருமுறையாவது தொட்டி 60 டிகிரியைத் தொட வேண்டும்.

சாதாரண ஹீட் பம்ப் 55, 60 டிகிரிக்கு மேல் போகாது. கேன்களை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசவும், பிறகு சோப்புக் கரைசலில் தேய்க்கவும் அது போதும். முதல் அலசலிலேயே கொதிநீரை ஊற்றினால் பால் புரதம் ஒட்டிக்கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும். கடைசியாகக் கொதிநீர் விட்டுக் கழுவ வேண்டிய இருபது லிட்டரை மட்டும் அடுப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுவார்கள். மாட்டுக்கொட்டகை இரவிலும் கதகதப்பாக இருக்கிறதே, அங்கே வைத்தால் என்ன என்று தோன்றும். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, செம்புக் குழாயை அரித்துவிடும். மூடிய அறையும் ஆகாது, தான் குளிர்வித்த காற்றையே அது திரும்ப இழுக்கும். கொட்டகையிலிருந்து தள்ளி, மழைச்சாரல் படாத கூரைக்குக் கீழே, திறந்த வெளியில் வைக்க வேண்டும். வோல்டேஜ் குறையும் இடமென்றால் ஸ்டெபிலைசர் அவசியம். பணம் கொடுக்கும் முன், பழுது பார்க்க ஆள் மேட்டுப்பாளையத்திலிருந்து வருவாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும்.