மூலை 90 டிகிரிதானா? ஸ்கர்ட்டிங் வெட்டும் முன் டேப்பை எடுங்கள்!

புழல், கதிர்வேடு, சூரப்பட்டு பக்கம் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களில் பலருக்கும் ஓர் ஆசை இருக்கிறது. ஒரே ஓர் அறைக்காவது மர டிசைனில் தரை போட்டுவிட வேண்டும். லேமினேட் பலகைகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும் என்பதால் ஓர் அறை வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டு ஹார்ட்டும் வாங்கிவிடலாம். சோதனை மறுநாள் ஸ்கர்ட்டிங்கில் ஆரம்பிக்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒட்டுகிற அந்த 3, 4 இஞ்ச் பட்டை, மூலைக்கு மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ‘பட்டி வெச்சு அடைச்சிரலாம் சார்’ என்பார்கள். அடைத்ததும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வெயில் காலம் போனால் பட்டி விட்டுப்போய் மறுபடியும் கோடு தெரியும்.

இந்த வாரம் அந்த மூலையைப் பற்றியும், அதை ஒழுங்காக வெட்டுகிற மைட்டர் சா என்ற மிஷினைப் பற்றியும் பார்ப்போம்.

போட்டோ பிரேம் கடையில் கவனித்திருப்பீர்கள். பிரேமின் நான்கு மூலையிலும் இரண்டு கட்டைகள் சாய்வாக வெட்டப்பட்டுச் சேர்ந்திருக்கும். அந்தச் சாய்வு இணைப்புக்குத்தான் மைட்டர் என்று பெயர். அதை வெட்டுவதற்கென்றே மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் வட்ட ரம்பம் மைட்டர் சா. பலகையைப் பின்பக்கத் தடுப்போடு அணைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைக் கீழே இறக்க வேண்டும். பலகை அசையாது. ரம்பம் மட்டும் இறங்கி ஏறும்.

காலால் மிதித்துக்கொண்டு வெட்டுகிறார்களா?

நம்மூரில் இந்த வேலை பல வீடுகளில் எப்படி நடக்கிறது தெரியுமா? டைல்ஸ் வெட்டுகிற கட்டிங் மிஷினிலோ, 4 இஞ்ச் கிரைண்டரிலோ மரம் வெட்டும் பல் பிளேடை மாட்டிவிடுவார்கள். பலகையின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொள்வார்கள். பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் பிளேடு ஓடிக்கொண்டிருக்கும். சில இடங்களில் கார்டையும் கழற்றி வைத்திருப்பார்கள். காலில் ரப்பர் செருப்பு.

மரம் பிளேடைக் கவ்விக்கொண்டால் மிஷின் எகிறிக் கையை விட்டுப் பாயும். கிரைண்டரோடு வரும் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். பல் வைத்த ரம்ப பிளேடை அதில் மாட்டவே கூடாது என்று எழுதியிருக்கும். அந்தக் கையேடு அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது என்பது வேறு கதை. மூலை பிளந்தால் பட்டி வைக்கலாம். விரலுக்கு என்ன வைப்பது?

அதனால் ரேட் பேசும்போதே, ‘அண்ணே, மைட்டர் சா இருக்கா?’ என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வரச் சொல்லி, வாடகையை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஸ்கர்ட்டிங் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது. ஒரே ஒரு வீட்டுக்காக மிஷினையே வாங்கிவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: வேண்டாம். வேலை முடிந்ததும் அது லாஃப்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்டீரியர் வேலையைத் தொழிலாக எடுத்திருக்கும் தம்பிகள், தங்கைகள் தாராளமாக வாங்கலாம்.

எந்த அளவு வாங்குவது?

கடையில் முதலில் 8 இஞ்சா, 10 இஞ்சா என்று கேட்பார்கள். அது பிளேடின் விட்டம். அதைவிட முக்கியமான கேள்வி, மிஷின் எவ்வளவு அகலமான பலகையை ஒரே இறக்கத்தில் வெட்டும் என்பது. ரம்பம் மேலும் கீழும் மட்டும் அசையும் சாதாரண 10 இஞ்ச் மிஷின், நேர்வெட்டில் சுமார் 130 மில்லிமீட்டர், அதாவது 5 இஞ்ச் அகலம் வெட்டும். ஸ்கர்ட்டிங்குக்கு இது போதும். ஆனால் லேமினேட் தரைப் பலகை பெரும்பாலும் 190 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கும். அது இந்த மிஷினில் முழுதாக வெட்டுப்படாது. தரையும் வெட்ட வேண்டுமென்றால் தலையை முன்னும் பின்னும் இழுக்கிற ஸ்லைடிங் மாடல் தேவை. இழுவை இருந்தால் 8 இஞ்ச் பிளேடே அந்தப் பலகையைத் தாண்டிவிடும்.

ஸ்கர்ட்டிங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டையைச் சுவரில் நிற்பதுபோலவே தடுப்பில் சாய்த்து நிறுத்தி வெட்டுவதுதான் சுலபம். ஆனால் 4 இஞ்ச் பட்டை நிமிர்ந்து நிற்கிற உயரம் பல மிஷின்களில் கிடையாது. அப்போது பட்டையைப் படுக்க வைத்து, ரம்பத்தின் தலையைச் சாய்த்து வெட்ட வேண்டும். தலை சாயும் வகைக்கு காம்பவுண்ட் என்று பெயர். வாங்கினால் இதையே வாங்குங்கள். இரண்டு பக்கமும் சாயும் மாடல் விலை கூடுதல். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தாலும் வேலை நிற்காது. பட்டையின் முகம் மேலே இருக்கும்படியே தலைமாற்றிப் போட்டால் எதிர்ச்சாய்வு கிடைத்துவிடும்.

பாரிமுனையில் கடை கடையாக ஏறி விலை கேட்பது இருக்கட்டும். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நேரான ஒரு பலகைத் துண்டை 90 டிகிரியில் வெட்டச் சொல்லுங்கள். இரண்டு துண்டில் ஒன்றைக் குப்புறப் புரட்டி, வெட்டிய முனைகளை மறுபடியும் சேர்த்து வையுங்கள். மிஷின் சரியாக இருந்தால் இடைவெளியே இல்லாமல் நேராகச் சேரும். தப்பாக இருந்தால் தப்பு இரண்டு மடங்காகத் தெரியும். மூலைமட்டம்கூடத் தேவையில்லை.

மிஷினோடு இலவசமாக வரும் பிளேடில் பல் குறைவாக இருக்கும். கட்டை அறுக்க அது போதும். ஸ்கர்ட்டிங்குக்கு 10 இஞ்ச் பிளேடில் 60 பல், லேமினேட் என்றால் 80 பல் இருந்தால் ஓரம் பிசிறில்லாமல் வரும். விலை உயர்ந்த மிஷினில் மட்டமான பிளேடைப் போடுவதைவிட, சுமாரான மிஷினில் நல்ல பிளேடு போடுவது மேல். 1,650 வாட்ஸ் மிஷின் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டி.வி-க்குப் பின்னால் இருக்கும் சின்ன பிளக்கில் சொருகாமல், ஏ.சி-க்கோ ஹீட்டருக்கோ கொடுத்த பெரிய பிளக்கைப் பயன்படுத்துங்கள்.

பாதியாக்கு, 90-ல் கழி

இப்போது பிளவுக்கு வருவோம். எல்லோரும் மிஷினை 45-ல் வைத்து இரண்டு பட்டையையும் வெட்டிவிடுகிறார்கள். மூலை சரியாக 90 டிகிரி இருந்தால் அது சரி. நம் வீட்டுச் சுவர்கள் கையால் பூசியவை. 88, 91, 92 என்று ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கும். 92 டிகிரி உள்மூலையில் 45, 45 என்று வெட்டிய 12 மில்லிமீட்டர் பட்டைகளை வைத்தால், முகப்பில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறக்கும். கேட்பதற்குக் கொஞ்சம்தான். வெள்ளைப் பட்டையில் கறுப்புக் கோடாகத் தினமும் கண்ணில் குத்தும்.

மூலையை அளக்க டிஜிட்டல் கருவி வேண்டாம். கொத்தனார்கள் கட்டடம் மூலை பிடிக்கும் 3-4-5 கணக்கே போதும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, இன்னொரு சுவரில் 4 அடியில் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் குறுக்கே டேப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். வந்தால் 90 டிகிரி. அரை இஞ்ச் கூடினால் 91, ஓர் இஞ்ச் கூடினால் 92. அரை இஞ்ச் குறைந்தால் 89. ஒவ்வோர் அரை இஞ்சுக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுபவமுள்ளவர்கள்கூட சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். 92-ல் பாதி 46 என்று மிஷினை 46-ல் வைத்துவிட்டால் பிளவு குறையாது, கூடும். மிஷினின் ஸ்கேல் நேர்வெட்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணுகிறது. ஆகவே பாதியை 90-லிருந்து கழிக்க வேண்டும். 92 டிகிரி மூலைக்கு 44. 88 டிகிரி மூலைக்கு 46. சில வீடுகளில் ஜன்னல் பக்கம் வரும் 135 டிகிரி அகல மூலைக்கு 22.5. உள்மூலைக்கும் சரி, தூணைச் சுற்றும் வெளிமூலைக்கும் சரி, இதே கணக்குதான். நல்ல பட்டையில் கை வைக்கும் முன் இரண்டு வேஸ்ட் துண்டுகளை வெட்டி மூலையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். மூலைக்குள்ளேயே பூச்சு புடைத்திருந்தால் டேப்புக்குத் தெரியாது, துண்டுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பட்டை டிசைன் எதுவும் இல்லாமல் மட்டமாக இருந்தால், உள்மூலையில் சாய்வு வெட்டே தேவையில்லை. ஒன்றைச் சுவர் வரை ஓட்டி, இன்னொன்றை அதன்மேல் நேராக முட்டவிடலாம். 10-க்கு 12 அறையில் நான்கும் உள்மூலைதான் என்றால் தலைவலி அத்தோடு முடிந்தது. அபார்ட்மென்ட்களில் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் தூண்களுக்குத்தான் மைட்டர் கட்டாயம்.

வெட்டும்போது

பிளேடிலிருந்து ஓர் அரை அடிக்குள் கை போகக் கூடாது. அதைவிடச் சின்னத் துண்டு என்றால் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள். ரம்பம் முழு வேகம் எடுத்த பிறகு மெதுவாக இறக்க வேண்டும். வெட்டி முடித்ததும் ஸ்விட்சை விட்டுவிட்டு, பிளேடு நிற்கும்வரை கீழேயே பிடித்திருந்து, அப்புறம்தான் தூக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே தூக்கினால் வெட்டுப்பட்ட துண்டு கல் மாதிரிப் பறக்கும். தளர்ந்த கையுறை, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் துண்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். கண்ணாடியும் என்95 மாஸ்க்கும் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே சேர்த்துவிட்டது. மிஷினை பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

மைட்டர் சா குறுக்கே மட்டும்தான் வெட்டும். தரையின் கடைசி வரிசைப் பலகையை நீளவாக்கில் கிழிக்க வேண்டி வரும். அதற்கு சர்க்குலர் சாவோ ஜிக் சாவோ வேண்டும். ‘ஒரே மிஷின்ல எல்லாம் முடிச்சிரலாம்’ என்று யாராவது சொன்னால் கடைசி வரிசையைக் காட்டிக் கேளுங்கள்.

ஏரிப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு

லேமினேட் பலகையின் உள்ளே இருப்பது அழுத்திய மரநார். ஈரக்காற்றில் விரியும். அதனால் பெட்டியைப் பிரிக்காமல் 48 மணி நேரம் அந்த அறையிலேயே வைத்திருந்து, பிறகு போட வேண்டும். சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதை மறைக்கத்தான் ஸ்கர்ட்டிங். பட்டையைச் சுவரில் மட்டும் ஒட்டுங்கள். தரையோடு சேர்த்து ஒட்டிவிட்டால் பலகை விரிய இடமில்லாமல் நடுவில் எழும்பும்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள். புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் போய்க் கடலில் சேர்கிறது. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் வடசென்னைக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இந்த இரண்டில் ஒன்றிலாவது தண்ணீர் உள்ளே வந்த வீடு என்றால் லேமினேட் தரையும் எம்.டி.எஃப் ஸ்கர்ட்டிங்கும் வேண்டாம். ஒரு முறை நனைந்து உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. மர டிசைன்தான் வேண்டுமென்றால் கல்தூளும் பி.வி.சி-யும் கலந்த எஸ்.பி.சி பலகை இருக்கிறது. தண்ணீரில் உப்பாது. அதைக் குறுக்கே வெட்ட மைட்டர் சாகூட வேண்டாம். கத்தியால் ஆழமாகக் கீறி மடக்கினால் உடையும். கல்தூள் பிளேடின் பல்லை மழுக்கிவிடும் என்பதால் அதுவே நல்லது. ஸ்கர்ட்டிங்கும் பி.வி.சி-யிலேயே வாங்குங்கள். மைட்டர் சாவில் நன்றாக வெட்டுப்படும். ஒரே இடத்தில் பிளேடை நிறுத்தினால் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

மேல்தளத்தில் எம்.டி.எஃப் போடுகிறவர்கள், வெட்டிய முனைகளுக்கும் அடிப்பக்க ஓரத்துக்கும் ஒட்டுவதற்கு முன்பே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு பிரஷ் அங்கே போகாது, தினமும் வீடு துடைக்கிற மாப் தண்ணீர் போய்விடும்.