கடை வாசல் யாருக்கு?



நேற்று மாத்திரை வாங்க நம்ம அனந்தபுரம் கடைத்தெருவுக்குப் போனேன். மருந்துக்கடை வாசலில் பதினோரு பைக்குகள். உள்ளே வாங்க வந்தவர்கள் இரண்டே பேர். கடைக்காரர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். மீதி வண்டிகள் யாருடையவை என்று கேட்டேன்.

"காலையில நிறுத்திட்டு பஸ் ஏறி செஞ்சி, விழுப்புரம்னு வேலைக்குப் போயிடறாங்க சார். சாயங்காலம்தான் எடுப்பாங்க. அதுல ஒண்ணு என்னோடது" என்று சிரித்தார்.

அந்த நேரம் கைத்தடியோடு வந்த ஒரு பாட்டி, ஓரமாக நடக்க வழியில்லாமல் ரோட்டில் இறங்கினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

"கடை வாசலில் அரை மணி நேரத்துக்கு மேல் வண்டி நிற்கக் கூடாது என்று வைத்தால் என்ன?" என்றேன். "வியாபாரம் படுத்துடும் சார்" என்றார். அங்கேதான் அவர் கணக்கு தப்பு.

உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் வைக்கப்பட்டது. வேலைக்கு வந்தவர்கள் நாள் முழுக்கக் காரை நிறுத்திவிட, பொருள் வாங்க வந்தவர்களுக்கு இடமில்லை என்பதுதான் காரணம். அதாவது, வியாபாரம் நடக்க வேண்டும் என்பதற்காகவே வந்த விதி அது.

நம் கணக்கையும் போடுங்கள். ஒரு வண்டி காலை 9 முதல் மாலை 6 வரை நின்றால், அந்த இடம் ஒருவருக்குத்தான். அரை மணிக்கு ஒருவர் என்றால் 18 பேருக்கு.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்படி, எங்கே வண்டி நிறுத்தலாம், எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதை உள்ளாட்சியைக் கலந்து முடிவு செய்யலாம். பேரூராட்சியும் வியாபாரிகளும் சேர்ந்து கேட்டால் போதும்.

ஆனால் இரண்டு விஷயம். பஸ்ஸில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் பஸ் நிற்கும் இடத்தருகே வண்டி விட ஓர் இடம் காட்ட வேண்டும். இடம் காட்டாமல் அபராதம் போடுவது அநியாயம். இன்னொன்று, ஒழுங்கு என்ற பெயரில் பூக்கூடை வைத்திருக்கும் அம்மாவை விரட்டக் கூடாது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது.

செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இனி வெளியூர் வண்டிகள் கூடும். நெரிசல் முற்றிய பிறகு யோசிப்பதைவிட இப்போதே பழகுவது நல்லது.

என் வகுப்பில் திங்கள்தோறும் முதல் பெஞ்சில் ஆள் மாறும், நினைவிருக்கிறதா? "என் இடம் சார்" என்று அழுதவர்களும் உண்டு. ஒரே மாதத்தில் எல்லாரும் பழகிவிட்டீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் போகும் நாட்களில் என் மொபெட்டும் அதே மருந்துக்கடை வாசலில்தான் நிற்கும். இனி நிற்காது. வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்தே போகிறேன்.

கடை வைத்திருக்கும் என் மாணவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? நான் சொல்வது தப்பென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். இப்போது என் கையில் பிரம்பு இல்லை.