மிக்ஸி ஓடாத நேரம்

விஸ்காம் என்றால் முதல் நாளே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிடலாம் என்று நினைக்கும் தம்பிகளே, கொஞ்சம் உட்காருங்க. முதல் பாடம் டெலிபோன்!

இந்த வருஷம் விஸ்காம் சேர்ந்த என் தம்பியின் நோட்டில் பார்த்தேன். 1948-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் போட்ட படம். சொல்கிறவர், வழி, கேட்கிறவர், நடுவே புகுந்து குழப்பும் இரைச்சல்.

அட, எங்க வீடு! தம்பி இன்ஜினீயரிங் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா அவனிடம் பேசுவதில்லை. "துரை சாப்பிட்டாராமா?" சொல்கிறவர் அப்பா. வழி, அம்மா. இரைச்சல், மிக்ஸி.

அந்தப் படத்தில் அம்புக்குறி ஒரே பக்கம்தான் போகும். பதில் திரும்பி வருகிற அம்பை 'ஃபீட்பேக்' என்று பிற்பாடு வந்தவர்கள் சேர்த்தார்களாம். இதைப் படித்த மறுநாள், தம்பி நேரே அப்பா முன்னால் போய் நின்றான்.

"சாப்பிட்டேம்ப்பா. நீங்க?"

அப்பா பேப்பரை இறக்கவில்லை. "ம்" என்றார்.

ஒரே எழுத்து. ஆனால் ரெண்டு மாசத்தில் முதல் ஃபீட்பேக்!

ஆகவே புதுசாகச் சேர்ந்தவங்களே, கேமரா மெதுவா வரட்டும். இந்தப் படிப்புக்கு முதல் லேப் அவங்கவங்க வீட்டு ஹால்தான். மிக்ஸி ஓடாத நேரமாகப் பார்த்துப் போங்க!