பாட்டிலே ஒரு சொல்

சென்ற மாதம் என் தமக்கையின் மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டானானால் சாப்பாடுகூட இரண்டாம் பட்சந்தான். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, பாட்டென்றும் சொல்ல முடியாமல், பேச்சென்றும் சொல்ல முடியாமல், தாளத்துக்குத் தகுந்தபடி வார்த்தைகளை மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டுவான். 'ராப்' என்று அதற்குப் பெயர். காலேஜில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடாயிருந்தால் உங்களுக்கும் இந்தச் சங்கீதம் பழகியிருக்கும்.

ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். நாலு வரி மளமளவென்று ஓடும். திடீரென்று ஒரு கணம் வாய் மூடிக்கொள்ளும். மறுபடியும் ஓட்டம். கீறல் விழுந்த இசைத்தட்டில் ஊசி தாண்டுகிற மாதிரி இருந்தது.

"பாவம், குழந்தைக்குப் பாட்டு இன்னும் பாடம் ஆகவில்லை போலிருக்கு" என்றாள் என் தாயார்.

பிள்ளை சிரித்தான். "பாடம் ஆகாமல் இல்லை, பாட்டி. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்கிறதில்லை" என்றான்.

அது எந்த வார்த்தை என்று கேட்கிறீர்களா? அதை இங்கே அச்சிட எனக்கு உத்தேசமில்லை. அமெரிக்காவில் கறுப்பு மக்களை இழிவுபடுத்த வெள்ளையர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்த சொல் அது. பிறந்த இடத்தைப் பார்த்தால் அதில் குற்றமே இல்லை. கறுப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஸ்பானிஷ் பாஷை வழியாக வந்தது. ஆனால் வளர்ந்த இடந்தான் கெட்ட இடம். மனிதர்களை ஏலம் போட்ட சந்தையிலும், சவுக்கு விழுந்த பருத்தி வயலிலும், பிறகு கும்பல் கூடி மரத்தில் தூக்குப் போட்ட இடங்களிலும் அந்தச் சொல் ஒலித்தது. இன்று இங்கிலீஷ் பத்திரிகைகள்கூட முதல் எழுத்தை மட்டும் போட்டு, 'என்' எழுத்துச் சொல் என்று சுற்றி வளைத்துத்தான் எழுதுகின்றன.

விநோதம் என்னவென்றால், ராப் பாட்டுக்களில் அதே சொல் தண்ணீர் பட்ட பாடு! பாடுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். கச்சேரி கேட்க வருகிறவர்களோ எல்லா நிறத்தவரும். பாட்டு முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். பாடகரோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான குரல்கள் பாடுகின்றன. அந்தச் சொல் வருகிற இடத்தில் அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

2018-ம் ஆண்டு மே மாதம் அலபாமா மாநிலத்தில், கல்ஃப் ஷோர்ஸ் என்ற கடற்கரை ஊரில் ஒரு பெரிய சங்கீத விழா நடந்தது. பாடியவர் கெண்ட்ரிக் லமார். அதற்கு முந்தின மாதந்தான் அவருக்குச் சங்கீதத்துக்கான புலிட்ஸர் பரிசு கிடைத்திருந்தது. சாஸ்திரீய சங்கீதத்துக்கும் ஜாஸுக்கும் வெளியே ஒருவருக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல் தடவை. ரசிகர்களை மேடைக்கு அழைத்துத் தம்மோடு பாடச் சொன்னார் லமார். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். உற்சாகமாகப் பாடினாள். அந்தச் சொல்லையும் விடாமல் பாடிவிட்டாள். லமார் பாட்டை நிறுத்தினார். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுப் பாட வேண்டும் என்றார். கூட்டம் கூச்சலிட்டது. நீங்கள் எழுதியபடியே பாடிப் பழகிவிட்டேன் என்று அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை பாடவும் அவளுக்குச் சந்தர்ப்பம் கொடுத்தார்.

இதைப் பற்றி அந்த நாட்டில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. "எழுதினவர் அவர். மேடைக்கு அழைத்தவர் அவர். பாட்டைப் பொறுக்கினவரும் அவர். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லலாமா?" என்று ஒரு கட்சி. எனக்கும் அந்தப் பெண்ணிடம் இரக்கம் உண்டு. ஆயிரம் பேர் நடுவில் அவமானப்படுவது யாருக்கும் கஷ்டந்தான். கூச்சலிட்ட கூட்டத்தை நான் மெச்ச மாட்டேன். ஆனால் இரக்கம் வேறு, நியாயம் வேறு.

அதே அலபாமாவில் ஐம்பத்தைந்து வருஷங்களுக்கு முன் நடந்ததைக் கேளுங்கள். 1963-ல் காட்ஸ்டன் என்ற ஊர்க் கோர்ட்டில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்புப் பெண்மணி சாட்சிக் கூண்டில் நின்றார். சம உரிமைக்காகப் பாடுபட்டவர். வெள்ளைக்காரச் சாட்சிகளை மிஸ் என்றும் மிஸஸ் என்றும் மரியாதையாக அழைப்பார்கள். கறுப்புப் பெண்கள் எத்தனை வயதானாலும் வெறும் பெயர்தான். அரசாங்க வக்கீல் அவரை "மேரி" என்று கூப்பிட்டார். "மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன்" என்றார் அந்த அம்மாள். கோர்ட்டை அவமதித்ததாக ஐந்து நாள் சிறை, ஐம்பது டாலர் அபராதம்! வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1964-ல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று.

ஓர் அடைமொழிக்காக ஒரு பெண் சிறைக்குப் போனாள். 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவே எத்தனை பெரிய பள்ளம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? வெறும் பெயருக்கே இந்தப் பாடு என்றால், அந்த வசைச்சொல் எப்படிக் குத்தியிருக்கும்!

"அப்படியானால் கறுப்பர்களே ஏன் பாடுகிறார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் வீடுகளில் பெற்ற தாய் மகனைப் பார்த்து, "அட கழுதே, சாப்பிட வாடா" என்கிறாள். பிள்ளையும் சிரித்துக்கொண்டு வருகிறான். அடுத்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னால் அந்தத் தாய் சும்மா இருப்பாளா? வார்த்தை ஒன்றுதான், சொல்கிற வாய்தான் வேறு. இத்தனைக்கும் கழுதை என்ற சொல்லுக்குப் பின்னால் ரத்தக் கறை எதுவும் கிடையாது. தங்களை அடித்த தடியைப் பிடுங்கித் தங்களுக்குள் விளையாட்டுப் பொருளாக்கிக்கொண்டார்கள் கறுப்பு இளைஞர்கள். அடித்தவர் வீட்டுப் பிள்ளை அதை மறுபடி கையில் எடுக்கும்போது அது விளையாட்டாகத் தோன்றுவதில்லை.

கறுப்பர்கள் எல்லோரும் இந்த விளையாட்டை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ரிச்சர்டு பிரையர் என்ற பிரபல ஹாஸ்ய நடிகர் மேடையில் அந்தச் சொல்லை வைத்தே பெயரெடுத்தவர். 1979-ல் கென்யாவுக்குப் போனார். எல்லாத் தொழிலிலும் கறுப்பர்களே இருக்கும் அந்த நாட்டைப் பார்த்த பிறகு, இனி அந்தச் சொல்லைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தார். கறுப்பர்களின் மிகப் பழைய உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி., 2007-ல் டெட்ராய்ட் நகரில் அந்தச் சொல்லைச் சவப்பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கமே செய்தது! பாட்டுக்களில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அது அவர்கள் வீட்டு வழக்கு. அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். வழக்கு நடக்கிறது என்பதற்காக நாம் உள்ளே புகுந்து சாமானை எடுத்துக்கொள்ளலாமா?

"டிக்கெட் வாங்கியிருக்கிறேனே?" என்பது இன்னொரு வாதம். டிக்கெட் பாட்டைக் கேட்பதற்கு. வாய்க்கு அது லைசென்ஸ் ஆகாது. "சட்டம் தடுக்கவில்லையே?" என்பார்கள். வாஸ்தவம். அமெரிக்காவில் பேச்சுச் சுதந்திரம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சாவு வீட்டில் சீட்டியடிக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "ஒரு சொல்லை விட்டால் பாட்டு கெட்டுப்போகுமே?" என்பது கடைசி வாதம். ரேடியோவில் வைப்பதற்கென்று அந்த மாதிரிச் சொற்களை எடுத்துவிட்டே அதே பாட்டுக்களை அந்தக் கம்பெனிகள் வெளியிடுகின்றன. ஜனங்கள் அவற்றையும் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். பாட்டு ஒன்றும் செத்துப் போகவில்லை.

2017-ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கூட்டத்தில் டா-நஹிசி கோட்ஸ் என்ற கறுப்பு எழுத்தாளரிடம் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். அவர் சொன்ன பதிலின் சாரம் இது: மற்றவர்கள் செய்வதை நீ மட்டும் செய்யக் கூடாது என்று ஒரு தடை இருந்தால் எப்படி இருக்கும் என்பதைக் கறுப்பர்கள் பிறந்தது முதல் அறிவார்கள், பாட்டில் அந்த ஒரு சொல்லை விழுங்கும்போது வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் அதில் கொஞ்சம் புரியும்.

இவ்வளவும் படித்த பிறகு, "நம் பையன் வெள்ளைக்காரன் இல்லையே?" என்று ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம். என் தமக்கை மகனுக்கும் வந்ததாம். போன வருஷம் தன் அறைத் தோழனோடு ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறான். தோழன் கறுப்புப் பிள்ளை. தோள்மேல் கை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பாடியிருக்கிறார்கள். அந்தச் சொல் வந்ததும் இவனும் உரக்கப் பாடினான். தோழன் பாடுவதை நிறுத்திவிட்டான். திரும்பி வருகிற வழியெல்லாம் பேச்சில்லை. மறு சனிக்கிழமை பந்து விளையாடக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் கூப்பிடவில்லை.

"பாடகர் பாடினதைத்தானே நானும் பாடினேன்? என்னையும் அங்கே நிறத்துக்காகக் கேலி செய்திருக்கிறார்களே?" என்று கடைசியில் இவனே போய்க் கேட்டானாம்.

"உன்னை எந்தச் சொல்லால் கேலி செய்தார்களோ, அதை நான் பாட்டில் வைத்துப் பாடட்டுமா?" என்றானாம் அவன். "பாடகர் எங்கேயோ மேடையில் இருந்தார். என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது உன் குரல்."

"எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, சித்தி" என்றான் பிள்ளை. மன்னிப்புக் கேட்டிருக்கிறான். சிநேகம் பிழைத்துக்கொண்டது. ஆனால் பழையபடி ஆவதற்கு ஒரு வருஷப் படிப்புக் காலம் பிடித்ததாம்.

இந்தக் கதையை என் தாயாருக்கும் விவரமாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். மறுநாள் மாடிப்படியில் மறுபடியும் கச்சேரி ஆரம்பமாயிற்று. நாலு வரி ஓடிற்று, ஊசி தாண்டிற்று, மறுபடி ஓடிற்று. கூடத்தில் இருந்த விருந்தாளி ஒருவர், "பையனுக்குப் பாட்டு நடுவில் மறந்து போகிறதே!" என்றார்.

"மறக்கவில்லை. ஞாபகம் இருக்கிறதனால்தான் நிறுத்துகிறான்" என்றாள் என் தாயார்.