ராவு ஏன் கறுப்பா இருக்கு?



கச்சான் காற்று அடங்கிய ஓர் அமாவாசை இரவு. கோணேசர் மலையடிக் கடற்கரையில் பேத்தியுடன் உட்கார்ந்திருந்தேன். அன்று கடலெங்கும் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள். கிட்ட நின்றவை பளிச்சென்று, தூர நின்றவை மினுக்மினுக்கென்று.

"அம்மப்பா, வானத்தில இவ்வளவு நட்சத்திரம் இருக்கே, பிறகேன் ராவு கறுப்பா இருக்கு?"

சூரியன் மறைந்துவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். 1823இல் ஜேர்மனியின் பிரேமன் நகரில் ஒல்பேர்ஸ் என்ற வைத்தியர் ஆராய்ந்த கேள்வி அல்லவா இது!

பிரபஞ்சம் எல்லையற்றது, என்றைக்கும் இருப்பது, எங்கும் நட்சத்திரங்கள் நிறைந்தது என்று வைத்துக்கொள்வோம். பெரும் பனங்கூடலின் நடுவில் நிற்பவருக்கு, திரும்பிய பக்கமெல்லாம் பார்வை ஒரு பனையில் முட்டும். வானத்திலும் அப்படியே ஒரு நட்சத்திரத்தில் முட்ட வேண்டும். தூரத்து நட்சத்திரம், வள்ளத்து விளக்குப் போல, மங்கல்தான். தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகும். ஆனால் அந்தத் தூரத்தில் நட்சத்திரங்களின் தொகை நான்கு மடங்காகிவிடும். குறைந்ததும் கூடியதும் சரிக்குச் சரி. ஆகவே இரவு வானம் முழுவதும் சூரியனின் முகம் போல் ஒளிர வேண்டும். ஒளிரவில்லை. இதுவே ஒல்பேர்ஸ் முரண்புதிர்.

பிரபஞ்சத்துக்கு ஒரு வயது உண்டு என்பதே விடை. சுமார் 1,380 கோடி ஆண்டுகள். ஒளி நொடிக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடினாலும், அந்தக் காலத்துக்குள் வந்து சேர்ந்த ஒளி மட்டுமே நமக்குக் கிட்டும். பிரபஞ்சம் விரிவதால் தொலைதூர ஒளி வரும் வழியில் நீண்டு மங்கியும் போகிறது. 1848இலேயே, வெகுதொலைவின் ஒளி இன்னும் வந்து சேரவில்லை என்று ஊகித்து எழுதியவர் விஞ்ஞானி அல்லர். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போ.

"அந்தக் கறுப்புக்குள்ளயும் நட்சத்திரங்கள் இருக்கு மகள். அதுகள்ட வெளிச்சம் இன்னும் வழியில வந்துகொண்டிருக்கு" என்றேன்.

அவள் வானத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அப்ப கொஞ்சம் இருந்து பாப்பம்."

பிள்ளைகளின் இத்தகைய கேள்விகளை "சும்மா இரு" என்று அடக்கிவிடாதீர்கள். எழுதி அனுப்புங்கள், சேர்ந்து விடை தேடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்