போதிக்க வந்தாங்க... பாடம் படிச்சாங்க!

மெக்ஸிகோவின் சோனோரா கடற்கரையில் எல் டெஸம்போகேனு ஒரு மீனவர் கிராமம். செரி பழங்குடி மக்களோட ஊர். 17, 18-ம் நூற்றாண்டுகளில் ஜேசுயிட் பாதிரியார்கள் இவங்க முன்னோர்களை மிஷன்ல குடியேத்திப் பார்த்தாங்க. ம்ஹும், ஒட்டவே இல்லை!

1951-ல் எட்வர்ட் மோஸர் - மேரி தம்பதி, பைபிளை செரி மொழிக்குக் கொண்டுபோக வந்தாங்க. முதல்ல அந்த மக்கள்கிட்ட உட்கார்ந்து மொழியைக் கத்துக்கிட்டாங்க. புதிய ஏற்பாடு வெளிவந்தது 1982-ல். 31 வருஷம் பாஸ்!

நடுவுல, செரி மக்கள் கடல்புல் விதையை மாவாக்கிச் சாப்பிட்ட கதையை மேரியும் ஒரு தாவரவியலாளரும் 1973-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினாங்க. 2005-ல் செரி அகராதியும் வந்தது.

நாலு பேருக்கு நல்லது சொல்லக் கிளம்பறவங்க, முதல்ல அவங்க பேச்சைக் காது கொடுத்துக் கேட்கணும். சரிதானே?