மாட்டுக்குத் தண்ணீர் ஊர் எல்லையிலேயே கிடைக்கட்டும்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், பாலாறு காவிரியோடு சேரும் இடத்தையொட்டிக் கர்நாடகக் காடு தொடங்குகிறது. பழைய மைசூர் மாவட்டத்தின் அந்த ஓரம் இன்று சாமராஜநகரில் இருக்கிறது. கோடையில் ஓடை வற்றினால் விலங்குகளுக்கு வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவதும் உப்புக்கட்டி வைப்பதும் இரு மாநிலக் காடுகளிலும் வழக்கம். மேய்ச்சல் மாடுகளும் அவற்றைத் தேடி வருகின்றன. தொட்டியைச் சுற்றி மின்வேலி போட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். அது தவறான வழி.

மான்களுக்குத் தீனி வைக்கும் அமெரிக்கப் பண்ணைகளில் இந்த முறை உண்டு. தாழ்வாக இழுத்த கம்பிக்கு மாடு அஞ்சி நிற்கும், மான் தாண்டிக் குதிக்கும். பாலாற்றுக் காட்டில் தண்ணீருக்கு வருவது மான் மட்டுமல்ல. குட்டியோடு வரும் யானை கம்பியைத் தாண்டாது. கொம்பன் யானை, மின்சாரம் பாயாத தன் தந்தத்தாலேயே கம்பியை அறுத்துவிடும். யாருக்காகத் தொட்டி கட்டினோமோ அவர்களையே அந்த வேலி தாகத்தோடு திருப்பி அனுப்பும்.

ஆபத்தும் இருக்கிறது. முறையான சூரிய மின்வேலி 12 வோல்ட் பேட்டரியில் இயங்குகிறது. நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஓர் அதிர்ச்சி தரும், உயிரைப் பறிக்காது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதுதான் கொல்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகள் கொண்டுவந்தது. ஊருக்குள் இருக்கும் வேலிகளையே கண்காணிக்கத் திணறும்போது, நடுக்காட்டில் புதிய கம்பிகளை யார் தினமும் பார்ப்பார்கள்?

ஆனாலும் மாட்டையும் காட்டு விலங்கையும் பிரித்து வைக்கத்தான் வேண்டும். 1968இல் வெக்கை நோய் பரவி முதுமலை, பந்திப்பூர் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அந்த நோய் ஒழிந்துவிட்டது, கோமாரி ஒழியவில்லை. ஒரே தொட்டியில் இரண்டும் வாய் வைப்பது நோய்க்கு வழி திறப்பது.

மாடு காட்டுக்குள் போவதன் விலையை 2025 ஜூனில் பார்த்தோம். மாதேஸ்வரன் மலை சரணாலயத்தின் ஹூக்யம் வனச்சரகத்தில் தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் யாரோ நஞ்சு வைத்திருந்தார்கள். அடுத்த மாதமே கர்நாடக வனத்துறை அமைச்சர், காடுகளில் மேய்ச்சலைத் தடுக்க உத்தரவிட்டார். தமிழகத்தில் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களில் மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சிலேயே தடை விதித்தது.

தடையால் மட்டும் மாட்டின் வயிறு நிறையாது. பர்கூர் மலையில் பட்டி போட்டு மாடு வளர்ப்பவர்களுக்கும் சோளகர் பழங்குடியினருக்கும் காடுதான் மேய்ச்சல் நிலம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. இருக்கும் புல்லையும் உண்ணிச்செடி மூடிக்கொண்டிருக்கிறது. அதை அகற்றிப் புல்வெளியை மீட்டால் மானுக்கும் மாட்டுக்கும் போட்டி குறையும். அந்த வேலையை மலைமக்களுக்கே கூலியோடு கொடுக்கலாம்.

மாட்டுக்கான தொட்டியையும் தீவனத்தையும் ஊர் எல்லையில் வையுங்கள். மின்வேலி தேவையென்றால் பதிவு பெற்ற சூரிய வேலியாக, ஊர்ப்பக்கத்துப் பட்டியையும் பயிரையும் சுற்றி நிற்கட்டும். காட்டோரத்து மாடு ஒன்றுவிடாமல் கோமாரித் தடுப்பூசி போட வேண்டும். புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு சில நாட்களுக்குள் கைக்கு வர வேண்டும். மாதக்கணக்கில் அலையவிட்டால் அந்தக் கோபம் நஞ்சாகத்தான் திரும்பும். பாலாற்றின் இரு கரை வனத்துறைகளும் கால்நடைத் துறைகளும் அடுத்த கோடைக்கு முன் ஒன்றாக உட்கார்ந்து, எந்த ஊருக்கு எத்தனை தொட்டி என்பதை முடிவு செய்ய வேண்டும்.